ஒளிவட்டப் பாவம்

போன வருசக் கோயில் பெருநாளில் மன்னார் ஸ்ரூடியோக்காரன் நிரோஷன் எடுத்த படத்தில் மாதா சுருவத்தின் தலையைச் சுற்றி ஒளிவட்டம் விழுந்திருந்தது. அந்தப் படம் ஊரில் எல்லா வீட்டுச் சுவரிலும் ஏறிவிட்டது.

இந்தப் பெருநாள் படத்தில் ஒளியைக் காணவில்லை.

"ஊருக்குள்ள ஆரோ பெரிய பாவம் செய்திருக்கினம்," என்றார் கோயில் மூப்பர். தன்னைத் தவிர எல்லோரையும், பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, பங்குச் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்பிவைத்தார்.

நிரோஷன் சுவாமி இருந்த மறைப்புக்கு முன்னால் முழங்காலில் நின்றான்.

"சுவாமி, பாவம் செய்தது நான்தான். எங்கட கடற்காத்து ஈரத்துக்கு லென்ஸில பூஞ்சணம் பிடிச்சிருந்தது. அதாலதான் போன வருசம் வெளிச்சம் கலங்கி வட்டமாத் தெரிஞ்சது. இந்த முறை புறஊதா லைற்றில வைச்சு, பூஞ்சணத்தைச் சாக்காட்டித் துடைச்சுப்போட்டன்."

சுவாமி மறைப்புக்கு அருகே குனிந்து, மெல்லக் கேட்டார்:

"அது திரும்ப முளைக்க எவ்வளவு நாள் செல்லும், மகன்?"