அச்செடுத்து வந்த விளம்பரம்

மகள் ஸ்ம்ருதி காலேஜைப் பாதியில் விட்டுவிட்டுக் கம்ப்யூட்டரே கதியென்று கிடந்தது கல்யாணராமனுக்குப் பொறுக்கவில்லை.

ஒருநாள் ஆபீஸ் இன்டர்நெட்டில் டிகிரி படிப்பு பற்றித் தேடியதும் முதலில் வந்த ஒரு கல்லூரி விளம்பரத்தை அச்செடுத்து வந்து நீட்டினார்.

"படி! 'டிகிரி இல்லையா? உங்களை யார் மதிப்பார்கள்?' நெத்தியடியா கேட்டிருக்கான். எழுதினவன் எவ்வளவு படிச்சவனோ!"

ஸ்ம்ருதி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து அவருக்கு மனசு இளகிவிட்டது.

மறுநாளே டில்லி ஜனக்புரிக்குப் புதிதாக வந்திருந்த மெட்ரோவில் அவளை அந்தக் கல்லூரிக்கு அழைத்துப்போனார்.

"அரே, ஸ்ம்ருதி மேடம்!" என்று டைரக்டர் ஜெயகிருஷ்ணன் எழுந்தே நின்றார்.

"இவளுக்கு இங்கே ஒரு சீட்..." என்று இழுத்தார் கல்யாணராமன்.

"இவங்களுக்கா? இவங்க எழுதற விளம்பரத்தைப் பார்த்துத்தான் சார் எல்லாரும் இங்க வராங்க!"

"அப்பாவும் அதைப் பார்த்துத்தான் வந்திருக்கார்" என்றாள் ஸ்ம்ருதி.