இன்னும் வராத இயந்திரம்

2006-ல் செலினா வட்டக்கானலில் விடுதி நடத்தி வந்தாள். விருந்தினர்களின் பாஸ்போர்ட் நகல்களைக் கணினியில் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி வைத்திருந்தாள். ஒருநாள் காலை வந்த மின்னஞ்சலில் அந்தப் பாஸ்வேர்டு மட்டும் இருந்தது. அனுப்பிய ஆண்டு 2031 என்றிருந்தது.

பதறிப்போய், கணினி பழுதுபார்க்கும் டேனியை அழைத்தாள்.

“இந்தப் பூட்டை ஒடைக்க இப்ப உள்ள கம்ப்யூட்டரால ஆகாதுக்கா. குவாண்டம் கம்ப்யூட்டர்னு ஒண்ணு வந்தா வெரசா ஒடைச்சிருமாம். ஆனா அது இன்னும் வரலையே! எதுக்கும் வேற பாஸ்வேர்டு போடுங்க” என்றான் அவன்.

வயிற்றிலேயே இறந்துபோன மகளுக்கு அவள் மனதுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தாள். கணவனிடம்கூடச் சொன்னதில்லை. அதையே போடலாமென்று உட்கார்ந்தாள். விசையில் விரல் வைப்பதற்குள் அதே 2031-லிருந்து அடுத்த மின்னஞ்சல் வந்தது. அதில் அந்தப் பெயர் இருந்தது.

அவள் தட்டப்போகும் பெயரை அங்கே யாரோ படித்துவிட்டிருக்கிறார்கள். வேறு பெயர் போட அவளுக்கு மனம் வரவில்லை. எழுத்தெழுத்தாக அதையே தட்டினாள்.