பூட்டிய வீட்டில் வெந்நீர்

பேச்சைக் கேட்டு வீட்டைக் கவனித்துக்கொள்ளும் கணினியின் கிராபிக்ஸ் கார்டிலிருந்து மின்விசிறிகளைக் கழற்றிவிட்டு, தண்ணீர்க் குழாயை மாட்டிய மெக்கானிக் அன்றே சொன்னார்: "நீங்க பேசினாத்தானுங்க அது யோசிக்கும். யோசிச்சா கார்டு சூடாகும். அந்தச் சூடு இனி உங்க குளியலறைத் தொட்டிக்கு வந்துரும்."

வெந்நீர் இலவசம் என்று கோகிலவாணி பூரித்ததெல்லாம் நான்கே நாள்தான். ஐந்தாம் நாள் சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்து குழாயைத் திறந்தால், தண்ணீர் கொதித்தது. பகலெல்லாம் பூட்டிக் கிடந்த வீடு. யார் பேசியது?

"ஏனுங்க, மத்தியானம் வீட்டுக்கு வந்தீங்களா?"

"மில்லை விட்டு நகரவே இல்லையே" என்றான் புருஷன் பிரபாகரன்.

"தனியா வந்தீங்களா, யாரையாச்சும் கூட்டிட்டு வந்தீங்களா?"

அதற்கப்புறம் மூன்று வாரம் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தினமும் வந்ததும் தொட்டியில் கைவிட்டுப் பார்த்தாள். தினமும் சூடு.

ஞாயிற்றுக்கிழமை பல்லடத்தில் ஒரு கல்யாணம். இருவரும் சேர்ந்தே கிளம்பினார்கள். சாவி அவள் கைப்பையில். பந்தியில்கூட அவனைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டாள். திரும்பியதும் நேரே குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். கை சுட்டுவிட்டது.

"இப்பவாச்சும் நம்பறியா? நான்தான் அப்பவே..." என்று ஆரம்பித்தான் பிரபாகரன்.

சட்டென்று அவன் வாயைப் பொத்தினாள். பொத்திய கையை எடுக்காமலே அவனை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். தெருவுக்கு வந்த பிறகுதான் கையை எடுத்தாள்.

"ஏனுங்க, நாம இல்லாதப்ப அது யாரைப் பத்தி யோசிக்குது?"