பதினொன்றாவது திரும்பல்

கச்சிராயபாளையத்தில் கொளஞ்சியப்பனின் மோட்டாரை ஓட்டும் எலக்ட்ரானிக் பெட்டி அடிக்கடி உறைந்துபோனது. கரும்பு வாடியது. பெட்டியைச் செய்த மணிமொழி லேப்டாப்போடு வந்து, மதியத்துக்குள் கோளாறைப் பிடித்துவிட்டாள். பொத்தானை அழுத்தினால் பெட்டிக்குள் இருக்கும் சிப்புக்கு இன்டரப்ட், அதாவது 'இதைக் கவனி' என்ற குறுக்கீடு, வரும். கைவேலையை விட்டு அதைக் கவனிக்கப் போகுமுன், திரும்ப வேண்டிய இடத்தை ஸ்டாக் என்ற நினைவக அடுக்கில் சிப் குறித்துக்கொள்ளும். ஸ்டாக் சின்னது. அது நிரம்பி வழிந்ததில் குறிப்பு அழிந்து, சிப் வழி தவறியிருந்தது.

ஸ்டாக்கைப் பெரிதாக்கினாள். சிப் வேலையை விட்டுப் போவதையும் திரும்புவதையும் எண்ணித் திரையில் காட்ட வைத்தாள்.

"பத்து வாட்டி அமுக்குங்கண்ணே!"

அமுக்கினார். பெட்டி ஒரு தடவைகூட உறையவில்லை. மணிமொழி துள்ளிக் குதித்தாள்.

"இன்னாம்மா, சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சுண்ணே!" என்று திரையைப் பார்த்தாள். போனது பத்து. திரும்பியது பதினொன்று.

மறுபடி பத்து. போனது இருபது, திரும்பியது இருபத்திரண்டு.

பொத்தானின் ஒயரையே பிடுங்கினாள். போனது இருபதிலேயே நின்றது. திரும்பியது இருபத்து மூன்று, இருபத்து நான்கு.

"அண்ணே, போவாததெல்லாம் திரும்பி வந்துக்கினு இருக்குண்ணே!" சந்தோஷத்தில் கூவினாள்.

மோட்டார் கொட்டகை வாசலில் நின்றிருந்த கொளஞ்சியப்பன் வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு ஒதுங்கி, உள்ளே வருகிறவர்களுக்கு வழி விட்டார்.