மொட்டு கிள்ளியவள்

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். பக்கத்து வீட்டுக் கிளாவா அக்காவின் விரலிடுக்கில் என் செம்பருத்தி மொட்டு.

"ஏன்க்கா, பனி விழறதுக்கு முன்னாடி பால்கனிலேர்ந்து உள்ளே தூக்கிட்டு வந்து, பிள்ளை மாதிரி பார்த்துக்கறேன். வீட்டுக்குள்ள ஹீட்டர் சூட்டுல இலை கருகுதுன்னுதான் மாடிப்படி ஜன்னல்ல வச்சேன். நீங்க வந்து கிள்ளிப் போடறீங்களா?"

"கத்தாதே. ஃபாயினா காதுல விழும்."

"விழட்டுமே. ஸ்கூல்ல சயின்ஸ் நடத்தறவங்க நீங்க. செம்பருத்தி குளிர்காலத்துல வீட்டுக்குள்ள பூத்தா சாவு விழும்ங்கற கதையை நம்பறீங்க."

"நான் எங்கடி நம்பறேன்? அவ நம்பறா."

மேல் வீட்டு ஃபாயினாவுக்கு அடுத்த வாரம் இதய ஆபரேஷன்.

"தினமும் படியேறும்போது இங்க நின்னு மொட்டையே பார்க்கறா. பயம் இல்லாம வேறென்ன? பூத்துத் தொலைச்சா, ஆபரேஷனுக்குத் தைரியமாவா போவா?"

அன்று முதல் நானும் சேர்ந்து கிள்ளினேன். ஒவ்வொரு மொட்டுக்கும் வயிறு எரிந்தது. ஆனாலும் கிள்ளினேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஃபாயினா வீடு திரும்பும் நாள். கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

ஜன்னல் கண்ணாடி முழுக்க உறைபனி. அதற்கு முன்னால் சாசர் அகலத்துக்கு ஒரு சிவப்புப் பூ. காம்போரம் சுருண்ட இலையில் ஏதோ நூல் தொங்கியது. ரஷ்யாவில் எங்கள் பேர்ம் நகரத்து ஜனவரியில், யாரைக் கேட்டுப் பூத்தது இது? எனக்கு உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு அழகையா இத்தனை நாளும் கிள்ளிப் போட்டோம்?

"டாக்சி வந்துடுச்சு, பறிச்சுடு" என்று ஓடிவந்தாள் கிளாவா அக்கா. பூவைப் பார்த்ததும் அவளும் நின்றுவிட்டாள். இரண்டு பேருக்குமே கை போகவில்லை.

அதற்குள் ஃபாயினா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படியேறி வந்துவிட்டாள். பூவின் முன்னால் நின்றாள். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

"பூத்துட்டியா கண்ணு" என்று ஒரு இதழை விரலால் தொட்டாள். கண் நிறைந்திருந்தது.

கிளாவா அக்கா ஃபாயினாவின் பையை எடுத்துக்கொண்டு மேலே போனதும், ஃபாயினா என் காதருகே குனிந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்கு ஒரு மொட்டை இலைக்குள்ள மறைச்சு நூலால கட்டிட்டுப் போனேன். இதைப் பார்க்கறதுக்காவது திரும்பி வந்துடணும்னு. கிளாவாகிட்ட மட்டும் சொல்லிடாதே. பாவம், பூத்தா சாவு வரும்னு அவளுக்கு அவ்வளவு பயம்."