கிழக்கு ஜன்னல்

செண்பகத்தால் இனி மாடிப்படி ஏற முடியாது. அவளுக்குக் கீழே ஓர் அறை கட்டுவதற்காக நமசிவாயம் இரண்டு மேஸ்திரிகளிடம் கொட்டேஷன் வாங்கியிருந்தார். அதிகம் கேட்டவர் நாளைக்கே வேலையைத் தொடங்குவார். மலிவாகச் சொன்னவர் ஆடி கழிந்துதான் வருவார். கூடத்துக் கட்டிலில் படுத்திருந்தவளுக்கு இரண்டையும் வாசித்துக் காட்டினார்.

"நாளைக்கு ஆடி பொறக்குது. யாராவது வீட்டு வேலை தொடங்குவாங்களா? ஆவணியில வரச் சொல்லுங்க."

ஆவணிவரை தாங்காது என்று மருத்துவர் அவரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார்.

"ஆடியெல்லாம் பாக்க வேண்டாம் செம்பா. செலவானா ஆகட்டும்."

"பெரிய ஜமீன் பரம்பரை!" என்று சிரித்தாள். சிரித்தவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு அவளே, "கட்டில் பக்கம் கேட்டேனே கிழக்கு ஜன்னல், அதை எடுத்துடச் சொல்லுங்க" என்றாள்.

"ஏன்? காலை வெயில் மூஞ்சியில படணும்னு நீதானே அடம்பிடிச்சே?"

"பின்னாடி அங்கே படுக்கப்போறது நீங்கதானே? உங்களுக்குத்தான் வெளிச்சம் பட்டா தூக்கம் கலைஞ்சிடுமே."

அவர் மலிவான கொட்டேஷனை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு போனை எடுத்தார்.

"நாளைக்கே வந்துடுங்க மேஸ்திரி. அந்தக் கிழக்கு ஜன்னலை மட்டும் இன்னும் கொஞ்சம் பெருசா வெச்சிடுங்க."