இமைத்தசையின் கடைசிக் கதவு

நரம்பு கொண்டுவரும் சேதியைக் கதவு திறந்து வாங்கினால்தான் தெய்வானையின் இமைத்தசையால் இமையைத் தூக்க முடியும். காவல்கார வெள்ளணுவோ, திருடன் புகுந்துவிட்டான் என்று ஒவ்வொரு கதவாகப் பூட்டிக்கொண்டே வந்தது. ஊரிலிருந்து வந்த மகள் கட்டிலருகே நிற்கிறாள். அவளைப் பார்க்க, திறந்திருப்பது ஒரே ஒரு கதவுதான்.

“அண்ணே, பூட்டாதீங்க,” என்று கெஞ்சியது இமைத்தசை. “ அம்மை போட்டப்ப என்கூடவே காவல் இருந்தீங்களே! கிருமியைத் துரத்திப் போய்த் தடுக்கி விழுந்தீங்க, ரெண்டு பேரும் சிரிச்சோமே!”

வெள்ளணுவின் முகம் மலர்ந்தது. “அது ஒரு காலம். வேப்பிலை பட்டாலே என் தம்பி படபடன்னு துடிப்பான்.”

“அந்தத் தம்பி நான்தாண்ணே.”

வெள்ளணு அதை உற்றுப் பார்த்தது.

“அவனை என்னடா பண்ணினே, பாவி?” என்று கதறியபடி கடைசிக் கதவையும் பூட்டியது.